போலீஸ் தலைமைப் பதவிக்குப் பிறகு பாதுகாப்பு ஆலோசகர் வேலை: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம் முதல் மீஞ்சூர் வரை ஓய்வுபெற்ற காவலர் குடும்பங்களும், மணலி, எண்ணூர் பக்கம் தொழிற்சாலையும் கன்டெய்னர் யார்டும் நடத்துகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

டிஜிபின்னா இந்தியா போலீசுக்கே தலைவர்தானே?

இல்லை. நம் அரசியலமைப்பில் காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு டிஜிபி தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு மட்டுமே தலைவர். பல நாடுகளில் இருப்பதுபோல ‘தேசிய போலீஸ் தலைவர்’ என்ற ஒரே நாற்காலி இங்கே கிடையாது. அதற்கு நெருக்கமாக வருபவை சிபிஐ, ஐபி (மத்திய உளவுத்துறை) இயக்குநர் பதவிகளும், சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப் போன்ற மத்தியப் படைகளின் தலைமை இயக்குநர் பதவிகளும்தான்.

ஐபிஎஸ் அதிகாரி பொதுவாக 60 வயதில் ஓய்வு பெறுகிறார். மாநில டிஜிபிக்குக் குறைந்தது 2 வருடப் பதவிக்காலம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எப்படிப் பார்த்தாலும் அறுபதை ஒட்டித்தான் இரண்டாவது தொழில் தொடங்குகிறது.

அப்படி மேல இருந்துட்டு ஆலோசகர் ஆனவங்க நம்ம ஊர்ல யாராவது இருக்காங்களா?

இருக்கிறார்கள். தமிழ்நாடு பிரிவு ஐபிஎஸ் அதிகாரி ஆர்.கே. ராகவன் 1999 முதல் 2001 வரை சிபிஐ இயக்குநர். பிறகு டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தார். சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்த கே. விஜயகுமார், 2004-ல் வீரப்பன் நடவடிக்கையை நடத்தியவர். 2010 முதல் 2012 வரை சிஆர்பிஎஃப் தலைமை இயக்குநர். ஓய்வுக்குப் பிறகு இடதுசாரித் தீவிரவாதம் தொடர்பாக மத்திய உள்துறையின் மூத்த பாதுகாப்பு ஆலோசகர் ஆனார், 2018-ல் ஜம்மு காஷ்மீர் ஆளுநரின் ஆலோசகரும் ஆனார்.

வெளிநாட்டில் மூன்றாவது வழி ஒன்று உண்டு: சொந்த நிறுவனம். அமெரிக்காவின் எஃப்பிஐ இயக்குநராக 1993 முதல் 2001 வரை இருந்த லூயிஸ் ஃப்ரீ, பிறகு தன் பெயரிலேயே புலனாய்வு ஆலோசனை நிறுவனம் நடத்தினார். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக அவர் தந்த விசாரணை அறிக்கை 2012-ல் வெளியானது. அரசு ஆலோசகர், நிறுவன ஆலோசகர், சொந்த நிறுவனம் ஆகிய மூன்றில் எந்த வழியாக இருந்தாலும் ஒன்று பொது. பதவியில் இருந்தபோது இருந்த கைது அதிகாரம், சோதனை அதிகாரம், சம்மன் எதுவும் கூட வராது. எழுத்தில் தரும் கணிப்பு மட்டும்தான் அவர் கையில் இருக்கும் சரக்கு.

கன்சல்டன்ட்னா கடைசில வாட்ச்மேன் அனுப்புறவர்தானே சார்?

இரண்டும் வேறு வேலை. ஏஜென்சி ஆள் அனுப்புகிறது. ஆலோசகர் எத்தனை ஆள், எங்கே, எதற்கு, ஆளே தேவையா, ஒரு பூட்டோ ஒரு கேட் பாஸ் நடைமுறையோ போதுமா என்று சொல்கிறார். போலீஸ் வேலை பெரும்பாலும் குற்றம் நடந்த பிறகு தொடங்குகிறது. இந்த வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முப்பது வருடம் துப்புத் துலக்கியவருக்கு முதல் வருடம் சிரமமாக இருப்பது இதனால்தான்: திருடன் யார் என்று தேடுவார், திருட வழி எது என்று எழுத வராது.

போட்டியும் உண்டு. துறைமுகத்தையும் சுத்திகரிப்பு ஆலையையும் காக்கும் சிஐஎஸ்எஃப், தனியார் நிறுவனங்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு பாதுகாப்பு, தீத்தடுப்பு ஆலோசனை தருகிறது.

ரிட்டயர் ஆன மறுநாளே கம்பெனில சேந்துடலாமா?

ஐபிஎஸ் அதிகாரியும் மத்திய அரசின் ‘ஏ’ பிரிவு அதிகாரியும் அப்படிச் சேர முடியாது. ஓய்வு பெற்ற 1 வருடத்துக்குள் வணிக வேலையில் சேர அரசின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் சேர்ந்தால் ஓய்வூதியத்தை முழுதாகவோ பகுதியாகவோ நிறுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. “சம்பளத்துக்குப் போகவில்லை, சொந்தமாக ஆலோசனை சொல்கிறேன்” என்றாலும் விதி பொருந்தும். பதவியில் கிடைத்த அறிவையும் அனுபவத்தையும் வைத்துத் தனியாகவோ கூட்டாகவோ ஆலோசகராகத் தொழில் தொடங்குவதும், அரசு அலுவலகங்களோடு தொடர்பு வேலை பார்ப்பதும் ‘வணிக வேலை’ என்றே விதியில் இருக்கிறது. விண்ணப்பத்தில் கம்பெனியின் பெயர், செய்யப்போகும் வேலை, பணியின் கடைசிக் காலத்தில் அந்த நிறுவனத்தோடு அலுவல் தொடர்பு இருந்ததா என்பதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால்தான் பெரிய சிக்கல்.

எங்கப்பா எஸ்.எஸ்.ஐ-யா ரிட்டயர் ஆனாரு. ஐபிஎஸ் இல்லாம இந்த லைன்ல நிக்க முடியுமா?

முடியும். எஸ்.எஸ்.ஐ என்ற சிறப்பு உதவி ஆய்வாளருக்கும் இதில் இடம் உண்டு. பெரிய அதிகாரிக்கு நிறுவனங்களின் இயக்குநர் குழு வரை கதவு திறக்கும். ஆனால் கேட்டில் லாரி எப்படி உள்ளே வருகிறது, எந்த நேரத்தில் காவலர் கண் அசருவார், பழைய இரும்புக் கடைக்கு எந்தச் சரக்கு போகும் என்பது ஸ்டேஷனில் ரோந்து போனவருக்கே நன்றாகத் தெரியும். சிறு யார்டு, கிடங்கு, அடுக்குமாடி, கல்யாண மண்டபம், மருத்துவமனை இவற்றுக்கு அந்த அறிவுதான் தேவை.

அவரிடம் பொதுவாக இல்லாதவை மூன்று: அறிக்கை எழுதும் பழக்கம், கேமரா–நெட்வொர்க் அடிப்படை, தீத்தடுப்பு அடிப்படை. ஓய்வுக்கு 2 வருடம் முன்பே இவற்றைத் தொடங்கினால் நல்லது. பெரிய நிறுவனங்களை நோக்குகிறவர்கள் பாதுகாப்புத் தொழிலில் இருப்பவர்களின் சர்வதேச அமைப்பான ஏசிஸ் இன்டர்நேஷனல் நடத்தும் சிபிபி (பாதுகாப்பு மேலாண்மை), பிஎஸ்பி (இடப் பாதுகாப்பு) சான்றிதழ்களைப் பார்க்கலாம். வடசென்னையின் நடுத்தர வாடிக்கையாளர் அவற்றைக் கேட்பது அபூர்வம். முந்தைய அறிக்கையின் மாதிரி ஒன்றைத்தான் கேட்பார், வாடிக்கையாளர் பெயரை நீக்கி வைத்திருங்கள்.

லைசென்ஸ் வேணுமா வேணாமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005. எல்லாரும் ‘பசாரா’ என்பார்கள். காவலர்களை அனுப்பினால் உரிமம் கட்டாயம். காவலர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி தரும் தொழிலும் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இடத்தைப் பார்த்து அறிக்கை மட்டும் தருவது அந்த வரையறையில் சொல்லப்படவில்லை. ஆனால் “நீங்களே நாலு பேரையும் போட்டுக் கொடுங்கள்” என்று வாடிக்கையாளர் கேட்டு நீங்கள் ஒத்துக்கொண்ட நிமிடமே உரிமம் தேவை. உரிமம் இல்லாமல் நடத்தினால் 1 வருடம் வரை சிறை, அல்லது ₹25,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

கட்டணம் சட்டத்திலேயே இருக்கிறது: ஒரு மாவட்டத்துக்கு ₹5,000, ஐந்து மாவட்டங்கள் வரை ₹10,000, மாநிலம் முழுக்க ₹25,000. உரிமம் 5 வருடம் செல்லும், முடிவதற்கு 45 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். வடசென்னையில் ஒரு பொறி இருக்கிறது. திருவொற்றியூரும் மணலியும் சென்னை மாவட்டம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் காட்டுப்பள்ளியும் மீஞ்சூரும் திருவள்ளூர் மாவட்டம். ஒரு மாவட்ட உரிமத்தை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஆள் போட முடியாது. ஆரம்பத்திலேயே ₹10,000 உரிமம் எடுங்கள்.

முப்பது வருஷம் போலீஸ்ல இருந்தவருக்குப் போய் டிரெய்னிங்கா?

காவலராகவோ மேற்பார்வையாளராகவோ சேர்ந்தால் ஆமாம், ஆனால் சுருக்கமானது. மத்திய மாதிரி விதிகளின்படி புதியவருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும். முன்னாள் ராணுவத்தினருக்கும் காவலருக்கும் 40 மணி நேர வகுப்பு, 16 மணி நேரக் களம். காவலர் வயது 18 முதல் 65 வரை. 60-ல் ஓய்வு பெற்று வருகிறவருக்கு அந்த வகையில் 5 வருடமே இருக்கிறது, ஆகவே மேற்பார்வை அல்லது ஆலோசனைப் பக்கம் நகர்வதே நல்லது. மேற்பார்வையாளரை நியமிப்பதில் படையிலோ போலீசிலோ 3 வருட அனுபவம் உள்ளவர்களுக்குச் சட்டமே முன்னுரிமை தருகிறது.

ஒழுங்கீனத்துக்காகப் படையிலிருந்தோ காவல்துறையிலிருந்தோ பணிநீக்கம் ஆனவரை இந்த வேலைகளுக்கு எடுக்கவே கூடாது. ஓய்வு ஆணையின் நகலைப் பார்க்காமல் “சார் போலீஸ்ல இருந்தவர்” என்ற வாய்ச்சொல்லை நம்பி எடுக்காதீர்கள்.

ஒரு ஃபேக்டரிய செக் பண்ணித் தரச் சொன்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

காப்பாற்ற வேண்டியது எது என்று உரிமையாளரிடம் கேட்பதிலிருந்து. செம்புக் கம்பியா, வரைபடமா, ரசாயனத் தொட்டியா, பெண் தொழிலாளர்கள் இரவு ஷிப்ட் முடிந்து போகும் வழியா? பதிலைப் பொறுத்து வேலையே மாறும். அடுத்து, கடந்த 3 வருடத்தில் காணாமல் போனவற்றின் பட்டியல். போலீசுக்குப் போகாத சிறு திருட்டும் அதில் வர வேண்டும்.

பிறகு மதிலை வெளிப்பக்கமாகச் சுற்றி நடங்கள். உள்ளே மட்டும் நடப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. கொருக்குப்பேட்டை முதல் எண்ணூர் வரை பல இடங்களில் பின்மதில் பக்கிங்காம் கால்வாய்க் கரையையோ ரயில் பாதையையோ ஒட்டி இருக்கும். 8 அடி மதிலை ஒட்டி 4 அடி மண்மேடோ பழைய டயர் அடுக்கோ இருந்தால் அது 4 அடி மதில்தான். கழிவுநீர் வெளியேறும் துவாரத்தில் கம்பி இருக்கிறதா, துருவில் கையோடு வருகிறதா என்று பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடல் காற்றில் இங்கே இரும்பு சீக்கிரம் போய்விடும்.

குறைந்தது ஒரு இரவு அங்கே இருக்க வேண்டும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று ஷிப்ட் மாறும் மூன்று நேரத்தையும் பார்க்க வேண்டும். கேட்டில் ஒரு மணி நேரம் பேசாமல் நின்றால் புத்தகத்தில் எழுதாமல் எத்தனை வண்டி போகிறது என்று தெரிந்துவிடும். சாவிப் பெட்டியைத் திறந்து, பதிவேட்டோடு சாவிகளை எண்ணுங்கள். மாதக் கடைசியில் சரக்கு அவசரமாகப் போகும் நாளிலும் ஒருமுறை வாருங்கள், நடைமுறை உடைவது அன்றுதான்.

அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் இடம், புகைப்படம், அதனால் வரக்கூடிய இழப்பு, சரிசெய்யும் வழி, தோராயச் செலவு, பொறுப்பாளர், தேதி ஆகிய ஏழும் இருக்கட்டும். “பாதுகாப்பைப் பலப்படுத்த வேண்டும்” என்ற வரி ஒன்றுகூட வேண்டாம்.

கன்டெய்னர் சீல் அப்படியே இருக்கு, உள்ள சரக்கு மட்டும் கொறையுது. எப்படி?

இந்தப் பகுதியில் யார்டு வைத்திருக்கிறவர்களின் முதல் தலைவலி இது. சீலை உடைக்காமலே கதவைத் திறக்கலாம். கதவுக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டைத் துளைத்து எடுத்து, திறந்து, சரக்கை எடுத்துவிட்டு, அதேபோல் தலையுள்ள போல்ட்டைப் போட்டுப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். கீல் ஆணியைக் கழற்றுவதும் உண்டு. ஆகவே சீல் நம்பரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது போதாது.

சீல் ஐஎஸ்ஓ 17712 என்ற சர்வதேசத் தரத்தில், ‘எச்’ (உயர் பாதுகாப்பு) என்று அச்சிட்ட போல்ட் சீலாக இருக்க வேண்டும். சோதனை நான்கு படி: கண்ணால் பார், ஆவணத்தோடு நம்பரை ஒப்பிடு, பலமாக இழு, முறுக்கித் திருப்பு. இரண்டாகக் கழன்று வந்தால் அது ஏற்கெனவே வெட்டி ஒட்டியது. ரிவெட் தலைகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா, ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் புதிதாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காலிக் கன்டெய்னர் உள்ளே வரும்போதும் ஏழு பக்கப் பார்வை வேண்டும்: முன்சுவர், இடம், வலம், தரை, கூரை, கதவின் உள்–வெளி, அடிப்பாகம்.

கடைசியாக, நேரம். யார்டு கேட்டிலிருந்து சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரை டிரெய்லர் வரிசையில் நிற்கும் மணிநேரங்கள்தான் ஆபத்தானவை. புறப்பட்ட நேரம், வரிசையில் சேர்ந்த நேரம், உள்ளே போன நேரம் மூன்றையும் எழுதி வைத்து, எடைமேடைச் சீட்டோடு ஒப்பிட்டால் எந்தத் துண்டில் சரக்கு இறங்குகிறது என்று சில வாரத்தில் தெரியும். ஓட்டுநரைச் சந்தேகிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

ஹார்பருக்கு வேற சட்டமாமே?

ஆமாம். கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பு 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, பெயர் ஐஎஸ்பிஎஸ். ஒவ்வொரு துறைமுக வசதிக்கும் மதிப்பீடு, எழுத்திலான திட்டம், பொறுப்பு அதிகாரி, மூன்று பாதுகாப்பு நிலைகள் வேண்டும். போலீஸ் அனுபவம் மட்டும் போதாது, இதற்கென்று தனிப் பயிற்சி எடுக்காமல் இந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மணலில கெமிக்கல் கம்பெனி. அங்க செக்யூரிட்டி கன்சல்டன்ட் சேஃப்டியையும் பாக்கணுமா?

இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாத இடம் அது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் வெடிப்புக்குப் பிறகு, மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 2015 முதல் தேங்கிக் கிடந்த சுமார் 697 டன் அம்மோனியம் நைட்ரேட் ஹைதராபாத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். இந்த இரண்டிலும் திருடன் யாரும் இல்லை. ஆனாலும் கேட்டில் நிற்கும் காவலருக்கு யாரை முதலில் அழைப்பது, காற்று எந்தப் பக்கம், எந்தக் கேட்டைத் திறப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நிறுவனங்கள் காவலரின் பயிற்சியைத் தங்கள் மதிலோடு நிறுத்திவிடுகின்றன. மதிலுக்கு வெளியே பத்தடியில் குடிசை இருக்கும் ஊரில் அது பெரிய தப்பு. எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் என்ன அர்த்தம் என்று அக்கம்பக்கத் தெருக்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். வாடிக்கையாளருக்குப் பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள்.

16 கேமரா போட்டா ஒரு மாச ரெக்கார்டிங் நிக்குமா? கோர்ட்ல செல்லுமா?

கணக்குப் போடலாம். 2 மெகாபிக்சல் கேமரா எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் விநாடிக்குச் சுமார் 2 மெகாபிட் எடுக்கிறது என்று வைத்தால், நாளைக்கு 21.6 ஜிபி, 30 நாளைக்கு 648 ஜிபி. 16 கேமராவுக்கு 10 டிபிக்குச் சற்று மேல். கடைக்காரர் 4 டிபி போட்டுக் கொடுத்தால் 11, 12 நாளில் பழையது அழியும். திருட்டு தெரிய வருவது மாதக் கணக்கெடுப்பில், அதற்குள் பதிவு போயிருக்கும். ரெக்கார்டரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள், மழை வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அதுதான்.

நீதிமன்றத்துக்குப் போக, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் கருவியை வைத்திருப்பவர் ஒரு பகுதியும், நிபுணர் ஒரு பகுதியும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) எழுத வேண்டும். ரெக்கார்டரின் கடிகாரம் 20 நிமிடம் தள்ளி ஓடினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். வாரம் ஒருமுறை நேரத்தைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள்.

ஒருத்தன் ரொம்பக் கம்மியா கொட்டேஷன் குடுக்குறான். எடுத்துக்கலாமா?

ஆள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 24 மணி நேர போஸ்ட் ஒன்றுக்கு வாரம் 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் என்றால் மூன்றரை ஆள், விடுப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு. கொட்டேஷனில் இரண்டு ஆள் சம்பளம்தான் இருக்கிறது என்றால், 12 மணி நேர ஷிப்டில் வார விடுமுறை இல்லாமல் ஓட்டப் போகிறார்கள். குறைந்தபட்சக் கூலி, பிஎஃப், இஎஸ்ஐ, போனஸ் ஒவ்வொன்றும் தனி வரியாக வர வேண்டும். பத்தாவது மணி நேரத்தில் தூங்கி விழும் காவலரைத் திட்டிப் பயனில்லை, அந்த மலிவு விலையில் நீங்கள் வாங்கியது அதைத்தான்.

வியாசர்பாடி, காசிமேட்டுப் பசங்கள எடுக்காதீங்கன்னு ஒரு கன்சல்டன்ட் எழுதிக் குடுத்தாரு. அது சரியா?

சரியில்லை. அப்படி எழுதுகிறவர் தன் வேலையைச் செய்யவில்லை. சட்டம் கேட்பது அந்தத் தனி மனிதரின் நடத்தைச் சரிபார்ப்பை, அவர் தெருவின் பெயரை இல்லை. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பணிச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம், முறையான அறிக்கை வரும். வழக்குப் பதிவு வேறு, தண்டனை வேறு என்பதையும் வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டியது ஆலோசகரின் கடமை.

நடைமுறையாகவும் அது தவறு. பக்கத்துத் தெருக்காரர் ஷிப்டுக்கு நடந்தே வருவார், மழையிலும் வருவார், யார்டைச் சுற்றி யார் புதுமுகம் என்று அவருக்குத்தான் தெரியும். பல தலைமுறையாக இந்தத் துறைமுகத்துக்கு உழைத்த மக்களை அதே துறைமுகத்தின் கேட்டுக்கு வெளியே நிறுத்தும் பரிந்துரையில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

சார் பழைய ஸ்டேஷன்ல சொல்லி ஒரு போன் நம்பர் டீட்டெய்ல் எடுத்துத் தர முடியுமா?

இந்தக் கேள்வி ஓய்வுபெற்றவரிடம் முதல் மாதமே வரும். பதில் ‘முடியாது’ மட்டும்தான். அழைப்பு விவரம், குற்றப் பதிவுத் தரவு இவற்றை விசாரணைக்கு வெளியே எடுப்பது குற்றம். எடுத்துக் கொடுக்கும் பணியிலுள்ள காவலரின் வேலையும் போகும். ‘எனக்கு எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறார்கள்’ என்று விளம்பரம் செய்கிற ஆலோசகர் இதைத்தான் விற்கிறார். வாடிக்கையாளராக நீங்கள் அதை வாங்கினால் நீங்களும் வழக்கில் வருவீர்கள். சரியான வழி, புகார் மனுவை ஆதாரங்களோடு ஒழுங்காக எழுதித் தருவது. அதில் பழைய போலீஸ் அனுபவம் உண்மையாகவே உதவும்.

கார்ல போலீஸ் ஸ்டிக்கர், செக்யூரிட்டி கார்டுக்குக் காக்கி டிரஸ், இதெல்லாம் ஓகேவா?

இரண்டும் வேண்டாம். விசிட்டிங் கார்டில் பதவிக்குப் பின்னால் ‘ஓய்வு’ என்று போடுவது சரி. இன்னும் பணியில் இருப்பதுபோல் நடந்துகொண்டால் அரசு ஊழியராக ஆள்மாறாட்டம், பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 204-ஆம் பிரிவு, 6 மாதத்துக்குக் குறையாத சிறை. காவலர் சீருடை போலீசையோ ராணுவத்தையோ போலத் தோன்றினால் பசாரா சட்டப்படி அணிந்தவர், ஏஜென்சி உரிமையாளர் இருவருக்கும் தண்டனை உண்டு.

கேமரா கம்பெனி நமக்குக் கமிஷன் தரேங்குது. வாங்கலாமா?

வாங்கினால் நீங்கள் ஆலோசகர் இல்லை, விற்பனைப் பிரதிநிதி. 8 கேமரா போதுமான இடத்தில் 16 எழுதத் தோன்றும். கட்டணத்தை நாள் கணக்கில் வாடிக்கையாளரிடமே வாங்குங்கள்: இடத்தைப் பார்க்கும் பகல், இரவு, அறிக்கை எழுதும் நாட்கள், 3 மாதம் கழித்து வந்து சரிபார்க்கும் ஒரு நாள். தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், வருட வரவு ₹20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஒரு பொருளின் பெயரைப் பரிந்துரைத்தே ஆக வேண்டும் என்றால், குறைந்தது மூன்று தயாரிப்பைத் தரத்தோடு எழுதி, எவரிடமும் பணம் வாங்கவில்லை என்று அறிக்கையிலேயே கையெழுத்திடுங்கள்.

வேலைல இருந்தப்போ நான் விசாரிச்ச கம்பெனியே இப்ப கூப்பிடுது. போகலாமா?

வழக்கு நடந்துகொண்டிருந்தால் போகாதீர்கள், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி. நீங்கள் சாட்சியாக அழைக்கப்படலாம், அவர்களிடம் வாங்கிய ஒரு ரூபாய் மொத்த வழக்கையும் கெடுத்துவிடும். வழக்கு முழுதாக முடிந்து, மேல்முறையீட்டுக் காலமும் தாண்டி, மேலே சொன்ன 1 வருட விதியும் முடிந்திருந்தால் எழுத்தில் வெளிப்படுத்திவிட்டு யோசிக்கலாம். அப்போதும் கேஸ் டைரியில் படித்த எதையும் பயன்படுத்தக் கூடாது. அரசு ரகசியச் சட்டம் ஓய்வோடு முடிவதில்லை. ஐபி, சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப் போன்ற அமைப்புகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், தங்கள் அமைப்பின் பணி சார்ந்த எதையும் முன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2021-ல் ஓய்வூதிய விதியும் திருத்தப்பட்டது. கருத்தரங்கில் பேச அழைத்தாலும், யூடியூப் பேட்டி கேட்டாலும் இதை மனதில் வைத்தே பதில் சொல்லுங்கள்.